கிராஃபிக்ஸ் கார்டு மாற்றும் முன் பவர் சப்ளை லேபிளைப் படியுங்கள்

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பவர் சப்ளையின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12-ஆல் பெருக்குங்கள். கார்டும் பிராசஸரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது அதைத்தான். 25 ஆம்பியர் என்றால் 300 வாட், பெட்டியில் 500 என்று போட்டிருந்தாலும்!

மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும்; பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு வரும் ஒவ்வொரு 8 பின் இணைப்பும் 150 வாட் வரை. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் தனித்தனி கேபிள் போடுங்கள். ஒரே கேபிளின் இரட்டை முனைகளைச் செருகிச் சமாளிப்பது எனக்கு ஒப்பாது.

அப்புறம், மாடுலர் சப்ளையை, அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகையை, மாற்றினால் பழைய கேபிள்களையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். பழைய கேபிளின் முனை புதிய சப்ளையில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கலாம். ஹார்டு டிஸ்க்கே எரிந்துபோகும்.