தோத்துக்கிட்டே இருக்குற பேஸ்பால் டீமை ஒழுங்கா திட்டுறது எப்படி

உங்க டீம் நல்லா ஆடுதுன்னா இதை படிக்காதீங்க, போய் மேட்ச் பாருங்க. அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்ல, சீசன் ஆரம்பிச்சு ஏப்ரல் முடியுறதுக்குள்ள கடைசி இடத்துல போய் உக்காந்துட்டு, எட்டாவது இன்னிங்ஸ்ல கையில இருந்த ரெண்டு ரன் லீடை தூக்கி குடுத்துட்டு, அப்புறம் பிரஸ் மீட்ல வந்து பசங்க நல்லா போராடினாங்கன்னு சொல்ற டீமோட ஃபேன்ஸுக்காக இதை எழுதுறேன். என் டீமும் அந்த ரகம்தான், பேர் வேண்டாம் விடுங்க. இத்தனை வருஷமா பாத்ததுல ஒண்ணு மட்டும் நல்லா புரிஞ்சுது, நம்மள்ல பாதி பேர் தப்பான ஆளை திட்டிக்கிட்டு இருக்கோம். ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிற ஃபீல்டர், அதான் ஷார்ட்ஸ்டாப், ஒரு பந்தை கோட்டை விட்டா அந்த பையனை மூணு நாளைக்கு வறுத்து எடுக்குறோம், ஆனா அவனை விட்டா அந்த இடத்துக்கு வேற ஆளே இல்லாத மாதிரி ஆளை வாங்கி வித்து டீமை கட்டி வச்ச ஜெனரல் மேனேஜரும், காசை பொட்டியில போட்டு பூட்டி வச்சிருக்குற ஓனரும் நிம்மதியா தூங்குறாங்க. கோபப்படுறதுல தப்பே இல்ல, ஆனா அது போய் சேர வேண்டிய ஆளுக்கு போய் சேரணும்ல.

முதல்ல கொஞ்சம் பொறுங்க. வருஷத்துக்கு 162 மேட்ச். எவ்வளவு பெரிய டீமா இருந்தாலும் அதுல அம்பது அறுபது தடவை மண்ணை கவ்வத்தான் செய்யும். 2001ல சியாட்டில் மரினர்ஸ் 116 மேட்ச் ஜெயிச்சாங்க, அதுக்கு மேல ஒரு சீசன்ல யாரும் ஜெயிச்சதே இல்ல, அவங்களே 46 மேட்ச் தோத்திருக்காங்க. 2019ல வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 மேட்ச்ல 19 ஜெயிச்சு 31 தோத்து நின்னப்ப மேனேஜரை (மேட்ச்ல டீமை நடத்துற தலைமை கோச்) தூக்குங்கன்னு ஒரே கூச்சல், அக்டோபர் கடைசியில பாத்தா அதே மேனேஜர் கையில சாம்பியனுக்கான வேர்ல்ட் சீரிஸ் கோப்பை. அதனால ஏப்ரல்ல வர்ற கோபத்தை ஓரமா வைங்க, மே கடைசி வரைக்கும் டைம் குடுங்க, அப்பவும் இதே லட்சணம்தான்னா ஆரம்பிச்சிடலாம்.

ஆரம்பிக்கும்போது டேபிள்ல எத்தனை ஜெயிச்சோம் எத்தனை தோத்தோம்னு மட்டும் பாக்காதீங்க, எடுத்த ரன் எவ்வளவு, குடுத்த ரன் எவ்வளவுன்னு பாருங்க. பில் ஜேம்ஸ்னு பேஸ்பால் புள்ளிவிவரத்துக்கு பேர் போன ஒருத்தர் ஒரு கணக்கு குடுத்திருக்காரு, ரொம்ப சிம்பிள். எடுத்த ரன்னை அதே எண்ணால பெருக்கிக்கோங்க, குடுத்த ரன்னையும் அதே மாதிரி பெருக்கிக்கோங்க, முதல் எண்ணை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்து 162ஆல பெருக்குனா அந்த டீம் நியாயமா எத்தனை மேட்ச் ஜெயிச்சிருக்கணும்னு தோராயமா வந்துடும். 2024ல சிகாகோ ஒயிட் சாக்ஸ் எடுத்தது 507 ரன், குடுத்தது 813. கணக்கு போட்டா 45 வெற்றி வருது, அவங்க ஜெயிச்சது 41தான், 121 தோல்வி, 1900க்கு அப்புறம் எந்த டீமும் ஒரு சீசன்ல அவ்வளவு தோத்தது இல்ல. அதாவது அதிர்ஷ்டம் ஒரு நாலு மேட்சை பிடுங்கியிருக்கு, மிச்சம் எல்லாம் சொந்த சம்பாத்தியம். அடுத்த வருஷம் கொலராடோ ராக்கீஸை பாருங்க, 597 எடுத்து 1021 குடுத்தாங்க, 424 ரன் பள்ளம். கணக்குப்படி 41 வெற்றிதான் வரணும், அவங்க 43 ஜெயிச்சுட்டாங்க! டேபிளை மட்டும் பாத்தா ஒயிட் சாக்ஸ்தான் மோசம்னு தோணும், ரன்னை பாத்தா கதையே வேற. உங்க டீமுக்கும் இதை போட்டு பாருங்க. கணக்குல 80 வருது ஆனா 72தான் ஜெயிச்சிருக்காங்கன்னா, ஒரு ரன் வித்தியாசத்துல நிறைய மேட்ச் போயிருக்கும், அது பெரும்பாலும் அடுத்த வருஷம் தானா சரியாகும், அதுக்கு போய் தொண்டை கிழிய கத்த வேணாம். கணக்குலயே 55தான் வருதுன்னா, உக்காருங்க, பேச வேண்டியது நிறைய இருக்கு.

பிளேயர்ஸை திட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. ஒரு பேட்டரோட ஆவரேஜ் .210ல (ஆயிரத்துக்கு 210 ஹிட்) கிடக்குதுன்னா புள்ளிவிவரம் போடுற பேஸ்பால் சாவண்ட் சைட்டுக்கு போய் அவன் பந்தை எவ்வளவு வேகமா அடிக்கிறான்னு பாருங்க, ஃப்ரீதான். மணிக்கு 95 மைலுக்கு மேல போற அடி நிறைய இருந்தும் எல்லாம் நேரா ஃபீல்டர் கையிலயே போய் விழுதுன்னா அவனை விட்டுடுங்க, பாவம், நாள் சரியில்ல. அடியும் இல்லாம வெளிய போற பந்தையெல்லாம் துரத்திக்கிட்டு ஸ்ட்ரைக்-அவுட் ஆகுறான்னா அப்ப தாராளமா திட்டலாம். அதே மாதிரி பந்து எறியுற பிட்சரோட இஆர்ஏ (ஃபீல்டிங் தப்பால வந்தது போக ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுத்த ரன்) பெருசா இருக்குன்னு குதிக்காதீங்க, பின்னாடி நிக்கிறவங்க எப்படி ஃபீல்டிங் பண்றாங்கன்னு பாத்துட்டு பேசுங்க.

என்னை கேட்டா, மோசமான டீமை காட்டி குடுக்குறது ஸ்கோர்கார்டுல ஃபீல்டிங் தப்புன்னு எழுதுற எர்ரர் கணக்கு இல்ல, எர்ரர்னு எழுதவே படாத தப்புங்க. ரெண்டாவது பேஸ்ல ஆள் இருக்கான், லெஃப்ட் ஃபீல்டுக்கு ஒரு சிங்கிள் (அடிச்சவன் முதல் பேஸ் வரைக்கும் போற ஹிட்) போகுது, ரன்னர் ஹோமுக்கு ஓடி வர்றான், அவனை புடிக்க வாய்ப்பே இல்ல. அந்த நேரத்துல ஃபீல்டர் பந்தை நடுவுல நிக்கிற கட்-ஆஃப் ஆளோட நெஞ்சுக்கு எறியணும். நம்மாளு ஹீரோ மாதிரி அவர் தலைக்கு மேல நேரா ஹோமுக்கு விட்டு எறிவாரு, ரன்னும் போச்சு, பந்து காத்துல இருக்குற கேப்ல அடிச்சவன் சாவகாசமா ரெண்டாவது பேஸ்ல போய் நிப்பான், அடுத்து வர்ற சாதாரண சிங்கிளுக்கு அவனும் உள்ள வந்துடுவான். ஸ்கோர்கார்டுல இதுக்கு பெரும்பாலும் எர்ரர் விழாது. ஒரு மேட்ச்ல நடந்தா அந்த பிளேயர் தப்பு, வாரத்துக்கு மூணு தடவை நடந்தா கோச்சிங் தப்பு, மூணு வருஷமா நடக்குதுன்னா பசங்களை தயார் பண்ற மைனர் லீக்ல இருந்தே யாரும் எதுவும் சொல்லி குடுக்கலன்னு அர்த்தம்.

மேனேஜர் விஷயத்துக்கு வருவோம், எல்லாரும் முதல்ல கை வைக்கிற இடம் இதுதான். 2025 மே 10ல ராக்கீஸ் பாட்ரேஸ் கிட்ட 21-0ன்னு தோத்தாங்க, மறுநாள் மேட்சை ஜெயிச்சாங்க, ஜெயிச்ச அன்னிக்கே மேனேஜர் பட் பிளாக்கை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்ப 7 வெற்றி 33 தோல்வி. ஆள் மாறுனதுக்கு அப்புறம் 36 வெற்றி 86 தோல்வி, கொஞ்சம் பரவாயில்லதான், ஆனாலும் மேட்ச் பாத்தவங்களுக்கு தூக்கம் வந்திருக்காது. ஒயிட் சாக்ஸும் 2024 ஆகஸ்ட்ல பெட்ரோ கிரிஃபோலை தூக்குனாங்க, அதுக்கு அப்புறம் 13 ஜெயிச்சு 32 தோத்தாங்க. மேனேஜரால ரொம்ப ஒண்ணும் ஆகிடாது, பொட்டியில இருக்குறதை வச்சுத்தான் அவரும் ஆடணும். அவரை திட்ட நல்ல இடம் ஒண்ணு இருக்கு, அது புல்பென், மாத்தா எறங்குற பிட்சருங்க (ரிலீவர்) காத்திருக்குற இடம். மேட்சை ஆரம்பிச்ச பிட்சர், அதான் ஸ்டார்ட்டர், ஆறாவது இன்னிங்ஸ்ல எதிர் டீம் பேட்டர்ஸை மூணாவது ரவுண்டு சந்திக்கிறாரு, ரெண்டு தடவை பாத்துட்டாங்க, இப்ப அடி விழும்னு பாக்குற எல்லாருக்கும் தெரியுது, அந்தாண்ட ஒருத்தன் கூட வார்ம்-அப் பண்ணலன்னா, கத்துங்க, நானும் கூட கத்துறேன். ஆனா நல்ல ரிலீவரை ஏன் எறக்கலன்னு கேக்குறதுக்கு முன்னாடி அவர் முந்தின ரெண்டு நாள் போட்டிருக்காரான்னு ஒரு தடவை பாத்துடுங்க. அப்புறம், இந்த ஒரே ஒரு பேட்டருக்கு மட்டும் லெஃப்டியை (இடது கை பிட்சர்) கொண்டு வான்னு இன்னமும் கத்துற ஆட்கள் இருக்காங்க, 2020ல இருந்து எறங்குற ரிலீவர் மூணு பேட்டருக்காவது போடணும் இல்ல இன்னிங்ஸை முடிக்கணும்னு ரூல் வந்தாச்சு சாமி.

ஜெனரல் மேனேஜர் எப்பவும் சொல்ற ஒரே வார்த்தை ரீபில்ட், அதாவது டீமை அடியில இருந்து திரும்ப கட்டுறது. பொறுமையா இருங்க, சின்ன பசங்க வளந்துக்கிட்டு இருக்காங்கம்பாரு. இது சில சமயம் நிஜம்தான். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013 மூணு வருஷமும் நூறுக்கு மேல தோத்தாங்க, 2017ல சாம்பியன், அந்த வருஷம் எதிர் டீம் கேட்சர் பிட்சருக்கு காட்டுற சைகையை (சைன்) திருடுனது தனி கேவலம். கப்ஸ் 2012ல 101 தோல்வி, 2016ல கோப்பை. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2021ல 110 தோத்துட்டு 2023ல 101 ஜெயிச்சாங்க. ஆனா இதே வார்த்தையை கேட்டுக்கிட்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஃபேன்ஸ் 1993ல இருந்து 2012 வரைக்கும் வரிசையா 20 சீசன் பாதி மேட்ச் கூட ஜெயிக்காம பாத்தாங்க. நிஜ ரீபில்டா டுபாக்கூரான்னு கண்டுபுடிக்க ஜூலை கடைசியிலயோ ஆகஸ்ட் ஆரம்பத்துலயோ வர்ற டிரேட் டெட்லைனை (டீமுங்க பிளேயரை மாத்திக்குறதுக்கு கடைசி நாள்) பாருங்க. பெரிய பிளேயரை வித்தாங்களா, பதிலுக்கு வந்த பசங்க மைனர் லீக்கோட மேல் படியான டபுள்-ஏ, டிரிபிள்-ஏல நிஜமாவே ஆடுறாங்களா, ரெண்டு வருஷத்துல மேல வருவாங்களா? இல்ல, கான்ட்ராக்ட் முடிஞ்சு ஃப்ரீ ஏஜென்ட்டா வேற டீமுக்கு போயிடுவான்னு பயந்து கிடைச்ச விலைக்கு தள்ளி விட்டுட்டு சம்பளம் மிச்சம்னு சந்தோஷப்படுறாங்களா? இன்னொன்னும் பாருங்க, நாலு வருஷமா ரீபில்ட்னு சொல்ற டீம்ல முதல் பேஸ்ல 34 வயசு ஆள் ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல நிக்கிறாருன்னா, வளந்துக்கிட்டு இருக்குறதா சொன்ன அந்த சின்ன பசங்க எங்கன்னு கேளுங்க.

இதெல்லாம் சுத்தி கடைசியில வந்து நிக்கிற இடம் ஓனர். இவரை திட்டுறதுக்கு ஆவரேஜும் வேணாம் இஆர்ஏவும் வேணாம், செலவு கணக்கு போதும். மேஜர் லீக்ல ஒரு டீம் இவ்வளவுக்கு மேல செலவு பண்ண கூடாதுன்னு கறாரான உச்சவரம்பு இல்ல, தாண்டுனா வரி கட்டணும் அவ்வளவுதான். ஆனா இவ்வளவாவது பிளேயர்ஸுக்கு செலவு பண்ணியே ஆகணும்னு ஒரு கீழ் வரம்பும் இல்ல, அங்கதான் ஓட்டை. ஒவ்வொரு டீமும் உள்ளூர் வருமானத்துல 48 சதவீதத்தை பொதுவா போட்டு 30 டீமும் சமமா பிரிச்சுக்குறாங்க, அதனால சின்ன மார்க்கெட் டீமுக்கு வருஷா வருஷம் பெரிய டீமோட காசு வந்து சேருது, தேசிய டிவி காசு தனி. மேட்ச் தோத்தாலும் செக் வந்துடும். எங்களுக்கு காசு இல்லன்னு ஓனர் சொன்னா, வந்த காசு எங்க போச்சுன்னு கேக்குறதுதான் சரியான கேள்வி. இதுக்கு மேல ஷார்ட்ஸ்டாப்பை என்ன சொல்றது?

எப்படி கேக்குறதுன்னா, ஓக்லாண்ட் ஏ'ஸ் ஃபேன்ஸ் பண்ணுன மாதிரி கேக்கலாம். டீமை வேற ஊருக்கு தூக்கிட்டு போக போறாங்கன்னு தெரிஞ்சதும், ஃபேன்ஸே வர்றது இல்லன்னு ஓனர் தரப்பு சொல்ற சாக்கை உடைக்கணும்னு 2023 ஜூன் 13ல ஸ்டேடியத்தை நிரப்பினாங்க, 27,759 பேர், பச்சை டி-ஷர்ட்ல SELL, அதாவது டீமை வித்துடுன்னு எழுதிக்கிட்டு. அன்னிக்கு டீமும் டாம்பா பே ரேஸை 2-1ன்னு ஜெயிச்சுது. அது பத்தலதான், அந்த நவம்பர்லயே லாஸ் வேகாஸ் போறதுக்கு மத்த ஓனருங்க எல்லாரும் ஒரு ஓட்டு பாக்கி இல்லாம சம்மதிச்சுட்டாங்க. ஆனாலும் யார் மேல தப்புன்னு நாடே பாத்துச்சு, எந்த பிளேயரையும் யாரும் அசிங்கப்படுத்தல. அந்த அளவுக்கு முடியலன்னா டிக்கெட்டை கணக்கா வாங்குங்க. சீசன் டிக்கெட்டை ரின்யூ பண்ணலன்னா ஏன்னு கேட்டு ஆபீஸ்ல இருந்து போன் வரும், எடுத்து பேசுங்க, கட் பண்ணாதீங்க, அங்க சொல்ற ஒரு வார்த்தை கமெண்ட்ல போடுற நூறு வார்த்தைக்கு சமம்.

ஒரு எல்லை மட்டும் இருக்கு. 2025 மே மாசம் ஆஸ்ட்ரோஸ் பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஒரு மோசமான மேட்ச் போட்டதுக்கு அவரோட குழந்தைகளை கொன்னுடுவேன்னு மெசேஜ் வந்துச்சு, போலீஸ் விசாரிச்சா வெளிநாட்டுல உக்காந்து பெட் கட்டி காசு விட்ட ஒருத்தன். அவனெல்லாம் ஃபேனே இல்ல. பிளேயரோட பேஜ்ல போய் எதுவும் எழுதாதீங்க, நல்லதா இருந்தா மட்டும் எழுதுங்க.

ஆகஸ்ட்ல எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா தினமும் பாக்கணும்னு சட்டம் இல்ல. டிரிபிள்-ஏல இருந்து புதுசா வந்த பிட்சர் போடுற நாள் மட்டும் பாருங்க, செப்டம்பர் 1ல டீம்ல 26 பேருக்கு பதில் 28 பேர் வச்சுக்கலாம், அப்ப வர்ற பசங்களை பாருங்க, அவன் எந்த பந்தை விடுறான் எந்த பந்தை துரத்துறான்னு பாத்தா அடுத்த வருஷம் என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சிடும். இவ்வளவு தோத்தா, புது பசங்களை டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்குற டிராஃப்ட்ல முதல் ஆள் நமக்குத்தான்னு மட்டும் மனசை தேத்திக்காதீங்க. இப்ப முதல் ஆறு இடத்துக்கு லாட்டரி, கடைசி மூணு டீமுக்கும் ஆளுக்கு 16.5 சதவீத வாய்ப்புதான், அதுலயும் மத்தவங்களுக்கு காசு பிரிச்சு குடுக்குற பெரிய ஊர் டீம்னா அடுத்தடுத்த வருஷம் லாட்டரியில இடம் கிடையாது. ஒயிட் சாக்ஸ் 121 தோத்தும் 2025 டிராஃப்ட்ல பத்தாவது இடம்தான், அடுத்த வருஷம் 102 தோத்ததுக்கு முதல் இடம் விழுந்துச்சு. டிசம்பர்ல லாட்டரி நடக்குற அன்னிக்கு முழிச்சிருக்குறதுக்கு முன்னாடி உங்க டீம் அதுல இருக்கான்னு பாத்துட்டு முழிச்சிருங்க.