சம்பாவுக்கு எத்தனை மா? சோறாக்குறவங்களைக் கேட்டு முடிவு பண்ணும் முறை

ஒன்பது மா (எங்க பக்கம் மூணு மா ஒரு ஏக்கர்) மாப்பிள்ளைச் சம்பாங்கற பாரம்பரியச் சிவப்பு நெல்லை நட்டு, அதுல பத்து மூட்டையை 390 கிலோ அரிசியாக்கி முன்கட்டுல அடுக்கி வெச்சேன். நாலு மாசம் ஆகியும் 390 கிலோவுல பாதிகூடப் போகலை. தவிட்டோட இருக்கற அரிசி, சிக்கு வாடை வந்துடுச்சு. வண்டு வேற. அம்மா அள்ளிக் கோழிக்குப் போட்டாங்க. விலை கேட்காம சாப்பிட்டது அதுங்க மட்டும்தான். மிச்ச நெல்லை வியாபாரி சாதாரண ரக விலைக்கு எடுத்துட்டுப் போனார்.

இத்தனைக்கும் கேட்காம இறங்கலை. நடவுக்கு முன்னாடியே கூகுள் ஃபார்ம் ஒண்ணு தயார் பண்ணி, வாட்ஸ்அப் குழு எல்லாத்துலயும் அனுப்பியிருந்தேன். 112 பேர் பதில் போட்டாங்க. அதுல 94 பேர் "கண்டிப்பா வாங்குவேன்". அரிசி வந்த முதல் மாசம் வாங்கினது 11 வீடு.

எங்க தப்புன்னு கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு. நுகர்வோர் நடத்தைன்னு எம்பிஏ வகுப்புல நடத்தற சமாச்சாரத்தைத் தேடித் தேடிப் படிச்சு, டெல்டாவுல மூணு ஏக்கர் வெச்சிருக்கறவன் கைக்கு அடங்கற மாதிரி சுருக்கினதுதான் கீழே இருக்கறது. விதை எங்க வாங்கறது, எந்த மில்லு தவிடு போகாம அரைக்கும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எப்படி எடுக்கறது இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுடறேன்.

படி 1: முடிவை முதல்ல எழுதுங்க

"சந்தையைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்"னு ஆரம்பிச்சா முடிவே இருக்காது. நோட்டுல முதல் பக்கத்துல ஒரே ஒரு வரி. என்னோடது: "ஆவணியில நாத்தங்கால் விடறப்ப மாப்பிள்ளைச் சம்பா எத்தனை மா, தூயமல்லி எத்தனை மா, சி.ஆர். 1009 எத்தனை மா?" (தூயமல்லி வெள்ளையா இருக்கற பாரம்பரிய ரகம், சி.ஆர். 1009 கொள்முதல் நிலையத்துக்குப் போற சாதாரண ரகம்.) இதுக்குப் பதில் சொல்ல உதவாத கேள்வியை யார்கிட்டயும் கேட்காதீங்க. பங்குனியில ஆரம்பிச்சா ஆடிக்குள்ள முடிச்சுடலாம்.

படி 2: காசு செலவில்லாம கிடைக்கற கணக்கைப் பாருங்க

மத்திய அரசோட வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு இணையத்துல சும்மாவே கிடைக்குது. 2022-23 கணக்குப்படி, இந்திய கிராமத்து வீடு மாசம் செலவு பண்ற மொத்தப் பணத்துல தானியத்துக்குப் போறது 4.91 சதவீதம். நூறு ரூபாய்ல அஞ்சு ரூபாய்கூட இல்லை. நகரத்துல அதுக்கும் கம்மி. நம்ம ஊர்ல 2011-லேருந்து ரேஷன்ல அரிசியே இலவசம், பாதி வீட்டுல இட்லி மாவுக்கு அதுதான் ஊறுது.

இதை ரெண்டு விதமா படிக்கலாம். அரிசிக்குச் செலவு பண்றது கொஞ்சம்தானே, கிலோவுக்கு இருபது ரூபாய் கூடக் கொடுத்தா வலிக்காதுன்னு ஒண்ணு. ஏற்கெனவே சும்மா வர்ற பொருளுக்கு நூறு ரூபாய் எதுக்குன்னு இன்னொண்ணு. எது சரின்னு அரசாங்கப் புள்ளிவிவரம் சொல்லாது. அதுக்குத்தான் அடுத்த படி.

படி 3: "வாங்குவீங்களா?"ன்னு கேட்கவே கேட்காதீங்க

நான் குப்புற விழுந்த இடம் இது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முகத்துக்கு நேரா ஒரு விவசாயி "பாரம்பரிய அரிசி வாங்குவீங்களா"ன்னு கேட்டா, யார் இல்லைன்னு சொல்லுவா? இயற்கை விவசாயத்துக்குப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா பேரும், பாரம்பரிய நெல்லை மீட்ட நெல் ஜெயராமன் அண்ணன் பேரும் தெரிஞ்ச எவருக்கும் இல்லைன்னு சொல்ல நாக்கு வராது. அவங்க பொய் சொல்லலை. தான் எப்படி இருக்கணும்னு ஆசைப்படறாங்களோ அதைச் சொல்றாங்க. அதுவும் காசு கையை விட்டுப் போகாத கேள்வின்னா தாராளமாவே சொல்லுவாங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது பழைய தலைவலி. கற்பனைக் கேள்விக்கு வர்ற விலை நிஜ விலையை விடப் பெரும்பாலும் தூக்கலாத்தான் இருக்கும்னு திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க.

அதனால நாளைக்கு என்ன செய்வீங்கன்னு கேட்கறதை விட்டுட்டு, போன வாரம் என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க. நான் இப்ப கேட்கறது இதுதான்:

"நேத்து ராத்திரி என்ன சாப்பாடு? எந்த அரிசி? அதை எப்ப வாங்கினீங்க, எத்தனை கிலோ?"
"கடைசியா சிவப்பரிசி ஏதாவது வாங்கினது எப்ப? அதை என்ன பண்ணீங்க? டப்பாவுல மிச்சம் இருக்கா?"
"அதை யார் வாங்கிட்டு வந்தது, யார் சமைச்சது?"

மூணாவது கேள்விதான் என் கண்ணைத் தொறந்தது. ஃபார்ம்ல பதில் போட்டவங்கள்ல பெரும்பாலும் ஆம்பளைங்க. நெல் திருவிழாவுல ஆர்வமா ரெண்டு கிலோ வாங்கிட்டு வர்றது அவங்க. ராத்திரியே ஊறப்போட்டு, காலையில விசில் எண்ணிக்கிட்டு நிக்கறது வீட்டுல அக்காவோ அம்மாவோ. மன்னார்குடியில ஒரு அக்கா சொன்னதை அப்படியே எழுதி வெச்சிருக்கேன்: "தம்பி, அரிசி நல்ல அரிசிதான். ஏழரை மணிக்கு ஸ்கூல் வேன் வருதே."

இருபத்திரண்டு அடுப்படி ஏறி இறங்கினேன். பெரும்பாலான வீட்டுல மாப்பிள்ளைச் சம்பா மதியச் சோறாவே இல்லை. ஞாயித்துக்கிழமை தோசை, ராத்திரி கஞ்சி, பெரியவங்களுக்குப் புட்டு. அப்ப என் அரிசிக்குப் போட்டி பொன்னி அரிசின்னு நான் நெனைச்சதே தப்பு. போட்டி ஓட்ஸ் பாக்கெட், கேழ்வரகு மாவு. பொன்னியோட விலையைப் பார்த்து என் விலையைக் குறைச்சுக்கிட்டே வந்தது எவ்வளவு பெரிய கூத்து! தூயமல்லி கதை வேற: வெள்ளையா இருக்கு, சாம்பாருக்கு ஒத்து வருது, பிள்ளைங்க முகம் சுளிக்கலை.

கருவி பத்திக் கேட்டீங்கன்னா, இந்தப் படிக்கு நாற்பது பக்க நோட்டும் பேனாவும்தான். ஃபோனை நீட்டி ரெக்கார்ட் பண்ணா பேச்சே மாறிடுது. ஃபார்ம் அனுப்பாதீங்க, தயவு செஞ்சு. இருபது வீட்டுக்கு மேல புதுசா எதுவும் வரலைன்னா நிறுத்திக்கலாம்.

படி 4: விலைக்குக் குடவோலை

விலை கேட்கப் பிரபலமான முறை ஒண்ணு இருக்கு. நெதர்லாந்துக்காரர் வான் வெஸ்டன்டார்ப் 1976-ல சொன்னது. நாலு கேள்வி: எந்த விலைக்குமேல வாங்கவே மாட்டீங்க, எந்த விலைக்குக் கீழ போனா தரத்துமேல சந்தேகம் வரும், எந்த விலை ஜாஸ்திதான், ஆனாலும் வாங்கலாமான்னு யோசிப்பீங்க, எது லாபமான விலை. சுலபம்தான். ஆனா இதுவும் வாய்ப்பேச்சு. முதல் மதிப்பீட்டுக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

எனக்குக் கை கொடுத்தது 1964-ல பெக்கர், டிகிரூட், மார்ஷக்னு மூணு பேர் எழுதின முறை. பேர் பயமுறுத்தும், விஷயம் உத்திரமேரூர்க் கல்வெட்டுல இருக்கற குடவோலை மாதிரிதான், ஆளுக்குப் பதிலா விலை.

ஒரு பானையில 60, 70, 80னு 140 வரைக்கும் விலை எழுதின சீட்டை மடிச்சுப் போடுங்க. வாங்க வர்றவர் ஒரு கிலோவுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்னு ஒரு தாள்ல எழுதணும். அப்புறம் அவர் கையாலேயே ஒரு சீட்டு எடுக்கணும். சீட்டு விலை அவர் எழுதினதுக்குச் சமமாவோ கம்மியாவோ இருந்தா, சீட்டு விலைக்கு நிஜமாவே வாங்கணும். கூட இருந்தா வியாபாரம் இல்லை, மறுபடி எடுக்கவும் கூடாது.

இதோட சூட்சுமம்: எழுதற தொகை நீங்க கொடுக்கற விலையைத் தீர்மானிக்காது, வாங்க முடியுமா முடியாதான்னு மட்டும்தான் தீர்மானிக்கும். அதனால குறைச்சு எழுதினா லாபம் கிடையாது. நம்மாளுங்களுக்குப் பேரம் ரத்தத்துல ஊறினது, முதல் நாள் அத்தனை பேரும் 60னு எழுதினாங்க! இப்படிச் சொன்ன பிறகுதான் புரிஞ்சுது: "மனசுல 100 வெச்சுக்கிட்டு 80னு எழுதறீங்க. சீட்டு 90 வருது. உங்களுக்கு லாபமான விலைதான், ஆனா கிடைக்காமப் போயிடுச்சே?" இதைச் சொல்லிட்டு, கடலை மிட்டாய் வெச்சு ஒரு தடவை ஒத்திகை பாருங்க. ரெண்டாவது தடவை எல்லாரும் நிதானமா எழுதுவாங்க.

சந்தையில மூணு ஞாயித்துக்கிழமை பண்ணினேன். தூயமல்லிக்கு எல்லாரும் 80-ஐச் சுத்தியே எழுதினாங்க. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ரெண்டு குவியல்: ஒரு கூட்டம் 70, இன்னொரு கூட்டம் 110-க்கு மேல, நடுவுல ஆளே இல்லை. சராசரி போட்டிருந்தா 90னு வந்திருக்கும், அந்த விலைக்கு முதல் கூட்டம் வந்திருக்காது, ரெண்டாவது கூட்டத்துக்கிட்ட நான் இருபது ரூபாய் இழந்திருப்பேன். சராசரி போடறதுக்கு முன்னாடி புள்ளி வெச்சு வரைஞ்சு பாருங்க.

110 எழுதினவங்க வீட்டுல பெரும்பாலும் யாருக்காவது சர்க்கரை இருந்துது. இதைப் பார்த்துட்டு "சர்க்கரை குணமாகும்"னு லேபிள் அடிச்சுடாதீங்க. நோய் குணமாகும்னு உணவுப் பொட்டலத்துல போடறது சட்டப்படி தப்பு. அது உண்மையும் இல்லை, அரிசி அரிசிதான்.

பிற்சேர்க்கை: இந்தப் பதிவைப் பார்த்துட்டு ஒரு வாசகர் கடலை எண்ணெய்க்கு இதே குலுக்கலைப் பண்ணிப் பார்த்திருக்கார், எல்லாரும் நடுவிலையையே எழுதினாங்களாம். விசாரிச்சா, "150-லேருந்து 300 வரைக்கும் சீட்டு இருக்கு"ன்னு முன்னாடியே சொல்லிட்டாராம். எந்த விலைலேருந்து எந்த விலை வரைக்கும்னு வாயைத் திறக்காதீங்க. காதுல ஒரு எண் விழுந்தா மனசு அதையே பிடிச்சுக்கும்.

படி 5: ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க

பொட்டலம் அரை கிலோவா, ஒரு கிலோவா, அஞ்சு கிலோவா? ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்ல போட்டு வித்த கடலூர்க்காரங்க கதை எல்லாருக்கும் தெரியும். நானும் அரை கிலோதான் ஓடும்னு நெனைச்சேன். வாரத்துக்கு ஒரு அளவா மாத்தி மாத்தி வெச்சேன். ஓடினது மாப்பிள்ளைச் சம்பாவுக்கு அரை கிலோ, தூயமல்லிக்கு அஞ்சு கிலோ. தினம் வடிக்கறதையும் என்னைக்காவது அரைக்கறதையும் ஒரே அளவுல கட்டினா எப்படி?

சம்பள வாரத்தையும் கடைசி வாரத்தையும் ஒப்பிடாதீங்க. பொங்கல், கல்யாண மாசம் எல்லாம் கணக்கைக் கெடுக்கும்.

ரகம் எத்தனை வைக்கறதுங்கறதுக்கு எல்லாரும் ஜாம் ஆராய்ச்சியைத் தூக்கிட்டு வருவாங்க. 2000-ல ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் எழுதினது. கலிஃபோர்னியா கடையில 24 ஜாம் வெச்சப்ப நின்னு பார்த்தவங்கள்ல 3 சதவீதம் வாங்கினாங்க, 6 வெச்சப்ப 30 சதவீதம். பின்னாடி மத்தவங்க செஞ்சு பார்த்தப்ப எல்லா இடத்துலயும் அப்படி வரலை. என் மேசையில ஒன்பது ரகம் வெச்ச வாரம் கூட்டம் நல்லாவே இருந்துது, எல்லாரும் காட்டுயானத்தைக் கையில அள்ளிப் பார்த்துட்டு தூயமல்லி வாங்கிட்டுப் போனாங்க. மூணு ரகம் வெச்ச வாரமும் விற்பனை கிட்டத்தட்ட அதேதான். உங்க மேசையில நீங்களே பாருங்க.

படி 6: வீட்டுக் கணக்கை மா கணக்காக்குங்க

முதல் தடவை வாங்கினவங்க எண்ணிக்கையை அடிச்சுடுங்க, அது விருந்தாளிக் கணக்கு. மூணு மாசத்துல மூணு தடவை மாப்பிள்ளைச் சம்பா வாங்கின வீடு எத்தனை? எனக்கு 38. வீட்டுக்கு மாசம் சராசரி 2 கிலோ. அப்ப மாசம் 76, வருஷம் 912 கிலோ அரிசி. எங்க மில்லுல நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி வருது, ஆகவே 1,403 கிலோ நெல். எங்க வயல்ல ஒரு மா நிலத்துக்கு 7 மூட்டை, மூட்டை 60 கிலோ, 420 கிலோ. வகுத்தா 3.3 மா.

நான் போட்டது ஒன்பது!

இப்ப மாப்பிள்ளைச் சம்பா நாலு மா, தூயமல்லி ரெண்டு, மிச்சம் மூணு மா சி.ஆர். 1009, அது நேரா கொள்முதல் நிலையத்துக்கு. அரிசியா எதையும் அடுக்கறதில்லை. நெல்லாவே வெச்சுக்கிட்டு, ஆர்டரைப் பார்த்து மாசா மாசம் அரைக்கறேன். மூணு தடவைக் கணக்குக்கு கூகுள் ஷீட் போதும்: பேர், தேதி, ரகம், கிலோ. சந்தா கட்டற செயலி எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்புல குழு ஆரம்பிக்காதீங்க, ஒருத்தர் "விலை ஜாஸ்தி"ன்னா இருபது பேர் கட்டைவிரல் தூக்குவாங்க. பிராட்காஸ்ட் பட்டியல் வெச்சுக்கோங்க.

இன்னொரு பிற்சேர்க்கை: "வாங்கறதை நிறுத்தினவங்களை என்ன பண்றது?"ன்னு பலபேர் கேட்டிருந்தீங்க. ஃபோன் பண்ணுங்க, விக்கறதுக்கு இல்லாம கேட்கறதுக்கு. மாசம் தவறாம வாங்கின ஒரு அக்கா திடீர்னு நின்னுட்டாங்க. விலையோ தரமோன்னு ராத்திரி எல்லாம் யோசிச்சு, மறுநாள் கூப்பிட்டேன். "அரிசிக்கு என்ன தம்பி, நல்லாத்தான் இருந்துது. கிரைண்டர் ரிப்பேர், ரெண்டு மாசமா கடை மாவுதான்."

ஷீட்டுல இப்ப அஞ்சாவதா ஒரு பத்தி சேர்த்திருக்கேன்: கிரைண்டர் ஓடுதா?