வார்டுக்கு ஸ்டூடண்ட்ஸ் வந்தால் எப்படிச் சமாளிப்பது?

காலையில் பத்து நர்சிங் மாணவிகள் நர்ஸ் ஸ்டேஷன் முன்னால் வரிசையாக வந்து நின்றால் நமக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ரவுண்ட்ஸ் வரும் நேரம், ஊசி போடும் நேரம், ஸ்டோரில் மருந்து கேட்டு எழுதும் இண்டென்ட் வேறு. அரசு மருத்துவமனை மெடிக்கல் வார்டில் 16 வருடம் ஆன எனக்கும் இன்றுவரை அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த தங்கைகள் கேட்பதால் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதல் நாள் பத்து நிமிடம் ஒதுக்கி எமர்ஜென்சி ட்ரே, ஆக்சிஜன், சக்‌ஷன் எல்லாம் காட்டிவிடுங்கள். போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது, நேராக வெள்ளை டப்பாவுக்குள். எது எங்கே என்று முதல் நாளே காட்டாவிட்டால் வாரம் முழுக்க “சிஸ்டர், காட்டன் எங்கே?” தான்.

ஒருத்திக்கு எல்லோருடைய பிபி, இன்னொருத்திக்கு எல்லோருடைய டெம்பரேச்சர் என்று பிரித்தால் சார்ட் சீக்கிரம் நிறையும். அவளுக்கோ நாற்பது கைகள்தான் தெரியும், ஒரு நோயாளியும் தெரியாது. ஆளுக்கு இரண்டு கட்டில் கொடுங்கள். 14ஆம் கட்டில் தாத்தாவுக்கு மூன்று நாளாக மலம் போகவில்லை என்று எனக்குச் சொன்னதே இரண்டாம் வருட மாணவிதான். என்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சம்.

அளக்காமலே எல்லோருக்கும் பிபி 120/80, நாடி 72 என்று எழுதி வந்தால் நோயாளி முன்னால் திட்டாதீர்கள். அப்புறம் நோயாளியோடு இருக்கும் அட்டெண்டர் அவளைத் தொடவே விடமாட்டார். கூடவே போய், ஒரு நிமிடம் முழுதாக எண்ணச் சொல்லுங்கள்.

இன்சுலின் என்றால் மட்டும் பக்கத்தை விட்டு நகராதீர்கள். எங்கள் வார்டு குப்பி மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒருத்தி ஆரஞ்சு மூடி, அதாவது 100 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றி வந்தாள். உள்ளே இருந்தது 8 யூனிட்தான். இதுவே 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடியில் ஏற்றியிருந்தால் 50 யூனிட் போயிருக்கும்! இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து இன்சுலின் ட்ரேயில் ஆரஞ்சு மூடி வைப்பதில்லை.

கிளம்பும் முன் ஒவ்வொருத்தியும் தன் கட்டில்களின் நிலவரத்தை ஹேண்ட் ஓவராக நமக்குச் சொல்லட்டும், முழு வாக்கியமாக. தாத்தாவுக்கு மலம் போகவில்லை என்று சொன்ன அந்த இரண்டாம் வருட மாணவி மறுநாள் மூச்சிரைக்க ஓடிவந்து, “14ஆம் பெட் தாத்தா போயிட்டார் சிஸ்டர்” என்றாள். கிட்னி ட்ரேயைப் போட்டுவிட்டு ஓடினேன். தாத்தா சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.