.223-ஐ எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறீர்களா?

அமெரிக்காவின் டெக்சஸில் .223 ரைஃபிளால் வெள்ளைவால் மானைச் சுடலாம், சட்டம் தடுக்கவில்லை. அதே துப்பாக்கியோடு கொலராடோ போனால் மாட்டிக்கொள்வீர்கள், அங்கே குறைந்தது .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்) வேண்டும். வர்ஜீனியாவில் .23. மாநிலம் தாண்டும்முன் விதியைப் பார்க்காமல் விடுவது முதல் தவறு. (இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.) .22 ரிம்ஃபயரை (தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறிய வகை) மானை நோக்கி நீட்டவே கூடாது. டெக்சஸிலும் அதற்குத் தடைதான்.

சரி, பெரிய தவறு தோட்டாப் பெட்டியில் இருக்கிறது. .223-ல் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முழு உலோக உறை போட்டது, பயிற்சிக்கு. மானில் விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும். இன்னொன்று நரி, அணில் வகைகளுக்கானது, உறை மெல்லிசு. மானின் தோள் எலும்பில் பட்டதும் வெளியிலேயே சிதறிவிடும். தட்டு அகலத்துக்குக் காயம், நுரையீரலில் ஒரு கீறல்கூட இருக்காது. அந்த மான் நாள்கணக்கில் நொண்டிச் சாகும். 60 கிரெய்னோ (குண்டின் எடையளவு) அதற்கு மேலோ, ஈயமும் உறையும் பிரியாதபடி ஒட்டிய குண்டு, இல்லையென்றால் முழுச் செம்புக் குண்டு வாங்குங்கள். விலை கூடத்தான்.

வாங்கியதும் குழலில் பொறித்திருப்பதைப் பாருங்கள். 1:12 என்று (12 அங்குலத்துக்கு ஒரு சுற்று) இருந்தால் நீளக் குண்டு நிலையாகச் சுழலாது, காகித இலக்கில் வட்டத்துக்குப் பதில் பக்கவாட்டில் கிழித்த ஓட்டை விழும். 1:9 அல்லது 1:8 குழல் வேண்டும்.

அப்புறம் கோணம். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், அடிவயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுடுங்கள். நேராகப் பார்த்து நின்றாலோ முதுகைக் காட்டினாலோ விரலை எடுத்துவிடுங்கள். தலையில் சுடுகிறேன் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. தலை ஒரு நொடி சும்மா இருக்காது. இரண்டு அங்குலம் தவறினால் தாடை உடைந்து, மேய முடியாமல் பட்டினியில் சாகும். தூரமும் அப்படித்தான். 55 கிரெய்ன் குண்டுக்கு 200 கஜத்தில் கிட்டத்தட்ட பாதி ஆற்றல்தான் மிஞ்சும். நான் 150-க்கு மேல் சுடுவதில்லை.

சுட்டபின் செய்யும் தவறு, ரத்தம் காணோம் என்றதும் “படவில்லை” என்று திரும்பிவிடுவது. சிறிய குண்டு பல சமயம் மறுபக்கம் வெளியே வராது, ரத்தம் உள்ளேயே தேங்கும். மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்துக் குறித்துக்கொண்டு அரைமணி உட்காருங்கள். இளஞ்சிவப்பு நுரை கண்டால் நுரையீரல், பக்கத்தில்தான் கிடக்கும். பச்சையும் பழுப்புமாய் நாற்றம் வந்தால் குடல். ஆறேழு மணிநேரம் துரத்தாமல் விட வேண்டும். டெக்சஸ் வெயிலில் கறி கெட்டுப்போகலாம், கொயோட்டி (ஓநாய் இனத்து விலங்கு) முந்திக்கொள்ளலாம். இருந்தாலும் துரத்தினால் இன்னும் தூரம்தான் ஓடும். போன சீசனில் நான் சுட்ட பெட்டை மானின் முதல் ரத்தத்துளி நாற்பதடி தள்ளி ஒரு புல் நுனியில் இருந்தது. குனிந்து பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது. மான் அங்கிருந்து இருபதடியில், சீடர் புதருக்குள்.