டொக்வூட் கன்றை எப்ப நடுறது?

ரொறன்ரோ ஸ்காபரோவில் எங்கட பின்வளவில் ஐந்து செந்தண்டு டொக்வூட் பற்றை நிற்குது. பெப்ரவரியில் வளவு முழுக்க ஸ்நோ மூடிக் கிடக்க, இதின்ர தண்டு மட்டும் செக்கச்செவேலென்று தெரியும். கொர்னஸ் செரிசியா என்பது தாவரப் பெயர். ஒன்ராறியோவின்ர சொந்தச் செடி. ரூஜ் ஆற்றுப் பக்கம் தானாகவே வளருது. குளிர் இதை ஒன்றும் செய்யாது. தக்காளி, மிளகாய்க் கன்றுக்கு மே மாத விக்டோரியா டே விடுமுறை வரட்டும் என்று இருக்கிற மாதிரி இதுக்கும் இருந்தால்தான் வில்லங்கம்.

மண்ணில்லாமல் வெறும் வேரோடு வாங்கின கன்றென்றால், ஏப்ரல் நடுப்பகுதியில் நட்டுவிடுங்கள். நாட்காட்டியை விட மொட்டைப் பாருங்கள். அது தண்டோடு ஒட்டி இறுகிக் கிடந்தால் நேரம் சரி. இலை விரிஞ்சுவிட்டால் அது தண்ணி கேட்கும். குடுக்கப் புதுவேர் இருக்காது.

மண்ணையும் பாருங்கள். இங்கே பல இடத்தில் களிமண். ஒரு பிடி எடுத்து உருட்டிப் பெருவிரலால் அமத்துங்கள். உதிர்ந்தால் நடலாம். கொழுக்கட்டை மா மாதிரி அமுங்கினால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். ஈரக் களியில் கிடங்கு வெட்டினால் சுவர் சட்டி மாதிரி வழவழத்து இறுகிவிடும், வேர் அதுக்குள்ளே போகாது. வெட்ட முதல், நிலத்தடிக் குழாய், வயர் போற இடத்தை அடையாளம் போடுவிக்கிற ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்குச் சொல்ல வேணும். காசில்லை. ஆனால் கேஸ் குழாய்க்கு அடையாளம் போட ஒரு கிழமைக்கு மேலும் செல்லும். மார்ச் கடைசியிலேயே சொல்லி வையுங்கள்.

சாடியில் வளர்ந்த கன்றுக்கு நான் செப்டம்பரைத்தான் சொல்லுவன். காற்றுக் குளிர், மண் இன்னும் சூடு. இலை கொட்டுற நேரமென்றபடியால் செடிக்கு மேலே பாரமில்லை. மண் 5 பாகைக்கு இறங்கும்வரை வேர் ஓடிக்கொண்டிருக்கும். நிலம் உறைய 6 கிழமையாவது இருக்க வேணும், ஆகவே ஒக்டோபர் நடுப்பகுதியோடு நிப்பாட்டுங்கள்.

ஒருமுறை பஞ்சியில் நவம்பர் கடைசிக்கு இழுத்தடிச்சனான். உறைஞ்சு உருகி, மார்ச்சில் பார்த்தால் வேர்க்கட்டி நிலத்துக்கு மேலே இரண்டு விரல் கிளம்பி நிற்குது. அதை விட மோசம் ஜூலை. அரைவிலை என்று மூன்று கன்று அள்ளிக்கொண்டு வந்தன். காலையும் மாலையும் தண்ணி விட்டும் இலை ஓரம் கருகி, ஒன்றுதான் தப்பினது.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? மொட்டு விரிய முதல், பென்சில் மொத்தத்தில் 25 சென்ரிமீற்றர்த் தடி வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக ஊன்றுங்கள். மொட்டு மேலே பார்க்க வேணும். நான் ஒன்றைத் தலைகீழாய் ஊன்றிவிட்டு, மே மாதம் முழுக்க ஏன் துளிர்க்கேல்லை என்று பார்த்துக்கொண்டு நின்றனான். மனிசிதான் வந்து பிடுங்கிக் காட்டினவ.