நாட்கூலியை நம்பி ஊர் மாறும்போது கட்டடத் தொழிலாளர்கள் தவிர்க்க வேண்டிய கணக்குத் தவறுகள்

கட்டட வேலைக்கு எந்த ஊரில் கூலி அதிகம் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். எந்த ஊரில் வேலை செய்தால் மாதக் கடைசியில் கையில் மிஞ்சும் என்பதைச் சொல்வதுதான் கடினம். தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கேரளத்துக்கோ புறப்படுகிறவர்களும், அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்களும், முதல் கேள்விக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தவறின் அளவை ஓர் எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம். இந்திய ரிசர்வ் வங்கி மாநிலங்களைப் பற்றி வெளியிடும் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23இல் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியான ஓர் ஆணின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 852.50 ரூபாய், தமிழ்நாட்டில் 500.90 ரூபாய், நாட்டுச் சராசரி 393.30 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்று இரு மாநிலங்களின் கூலியையும் பெருக்கினால், கேரளம் போகிறவருக்கு ஏறக்குறைய 8,790 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் சொந்த ஊரில் 25 நாளும் வேலை கிடைத்துவந்த ஒருவருக்குப் போன இடத்தில் 18 நாள்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 15,345 ரூபாய், ஊரில் விட்டுவந்தது 12,522 ரூபாய் 50 காசு. வித்தியாசம் வெறும் 2,822 ரூபாய் 50 காசுதான். அறை வாடகை, கடைச் சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், பெரும்பாலும் அடங்காது. எனவே கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், போன வருடம் இதே மாதத்தில் அங்கே எத்தனை நாள் வேலை நடந்தது என்று கேட்பதே சரி.

வேலை நாட்களைக் குறைப்பதில் மழைக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை அஸ்திவாரம் தோண்டுவதையும் கான்கிரீட் போடுவதையும் வெளிப்பூச்சையும் நிறுத்திவைக்கிறது. கேரளத்திலோ ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் அடுத்த மழை வந்துவிடுகிறது. உள்பூச்சு, டைல்ஸ், பெயின்ட் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த மாதங்களிலும் ஓரளவு ஓடும். மண் வேலைக்கும் சுமக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கு ஓடாது. வேலையில்லாத வாரங்களில் வாங்கும் கைமாற்றும் அதன் வட்டியும் வாழ்க்கைச் செலவில் சேர்ந்தவை என்றாலும், கணக்குப் போடும்போது யாரும் அவற்றைச் சேர்ப்பதில்லை.

சராசரிக் கூலியைத் தன் கூலியாக நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், பெரியாள், சித்தாள் ஆகியோர் ஒரே கட்டடத்தில் ஒரே வெயிலில் நின்றாலும், மாலையில் வாங்கும் தொகை வெவ்வேறு. மேலே சொன்ன கையேட்டுக் கணக்கு ஆண்களுக்கானது, அதுவும் ஊரகத்துக்கானது என்பதைக் கவனிக்க வேண்டும். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டபோதிலும், கலவை சுமக்கும் பெண் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சித்தாள் கூலியிலேயே நிற்கிறார். கணவனும் மனைவியுமாக ஊர் மாறும் குடும்பம் இரண்டு கூலியையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டு, புது ஊரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு கூலியில் வந்து நிற்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

சொன்ன கூலி முழுவதும் கைக்கு வரும் என்று நம்புவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டுமானங்களில் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசாக இருந்தது. நடுவில் இருந்த ஆள்பிடிப்பவர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டதால் தொழிலாளிக்குக் கிடைத்தது 8 ரூபாய் 25 காசு. இதைக் குறித்து வந்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒரு ரூபாயின் வாரிசுகள் இன்னும் இருக்கின்றன. மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்குப் பிடித்தம், தங்கும் கொட்டகைக்குப் பிடித்தம், வாரச் செலவுக்குக் கொடுத்ததாக எழுதிக்கொண்ட தொகை என்று அவரது நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக ஏறும். சனிக்கிழமை கைச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் கொடுத்து, மிச்சத்தை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இடத்தில், அரைநாள் எது, ஒன்றரை நாள் எது என்பதைத் தொழிலாளியும் தன் கையால் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளவில்லை என்றால், கணக்கு முடிக்கும் அன்று மேஸ்திரியின் நோட்டு ஒன்றுதான் சாட்சி. எல்லா மேஸ்திரிகளும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. பொறியாளரிடமிருந்தோ வீட்டுக்காரரிடமிருந்தோ பணம் வராமல் தாமே கடன்பட்டு ஆட்களுக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் எழுதி வைப்பது நல்ல மேஸ்திரியோடு வேலை செய்யும்போதும் தேவைதான்.

சற்றுப் படித்தவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை எடுத்து, சென்னைக்கு இவ்வளவு, மதுரைக்கு இவ்வளவு, எனவே மதுரையில் செலவு அதிகம் என்றோ குறைவு என்றோ முடிவு கட்டுகிறார்கள். ஒவ்வொரு மையத்துக்கும் 2016ஆம் ஆண்டு விலைதான் 100 என்று வைக்கப்பட்டிருப்பதால், அந்த எண் அந்த ஊரில் விலை எவ்வளவு ஏறியது என்பதை மட்டுமே காட்டும். எந்த ஊர் மலிவு என்பதைக் காட்டாது. அதற்கும் மேலாக, அந்தக் குறியீடு தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், ரயில்வே, சாலைப் போக்குவரத்து, துறைமுகம், மின்சாரம் ஆகிய ஏழு துறைகளின் தொழிலாளர் குடும்பங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. கட்டுமானம் அதில் இல்லை. அதில் வீட்டுவசதிக்கு அகில இந்திய அளவில் தரப்பட்ட எடை, அதாவது மொத்தச் செலவில் அதற்கு வைத்த பங்கு, 16.87 விழுக்காடு. புதிதாக நகரத்துக்கு வந்து ஒற்றை அறைக்கு வாடகையும் முன்பணமும் கொடுக்கிற குடும்பத்தின் நிலைமையை அந்த எண்ணில் தேடக் கூடாது.

செலவுக் கணக்கை ஓர் ஆளுக்கு மட்டும் போடுவதும் தவறு. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி என்பது உழைப்பவர், மனைவி, இரு குழந்தைகள் அடங்கிய மூன்று நுகர்வு அலகுகளுக்கு (உழைப்பவரின் தேவை ஓர் அலகு, மற்றவர்களுடையது அதற்குச் சற்றுக் குறைவு) போதுமானதாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. உணவு, துணி, வாடகை, எரிபொருள் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. குழந்தைகளின் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்காக இன்னும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறவர், ஒரு கூலியில் இரண்டு இடத்தில் உலை வைக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

சொந்த ஊரில் இருந்தபோது செலவாகவே தெரியாத சில, ஊர் மாறியதும் தெரியத் தொடங்கும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். வாடகை அறையில் வீட்டு உரிமையாளர் யூனிட்டுக்கு ஒரே விலை வைத்து வசூலித்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு வந்து சேராது. ரேஷனும் அப்படித்தான். 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது என்றாலும், மாநில அரசு தன் செலவில் 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலும் மாநில எல்லையைத் தாண்டி வருவதில்லை.

கூலியில் சேராத வரவைக் கணக்கில் எடுக்காததும் இழப்பே. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியம் 1994இல் அமைக்கப்பட்டது. பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை, விபத்து இழப்பீடு, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை பதிவு செய்து புதுப்பித்து வருகிறவர்களுக்கு உண்டு. இந்த நிதிக்கான வரி கட்டடச் செலவின்மீது விதிக்கப்படுகிறது. தொழிலாளியின் கூலியில் பிடிக்கப்படுவதில்லை. எனவே நலவாரியத்தின் பெயரைச் சொல்லி யாராவது நாட்கூலியில் கழித்தால், எந்த விதியின்படி என்று கேட்க வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகிறவர்கள் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டு, ஊர் திரும்பி உதவி கேட்கும்போதுதான் பதிவு காலாவதியானதை அறிகிறார்கள். கிளம்புவதற்கு முன்பே அட்டையில் உள்ள தேதியைப் பார்த்து, ஊரில் இருக்கும் ஒருவரிடம் புதுப்பிப்பு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போவது நல்லது.