ஷட்டவுன் கேங்கில் புதுப்பையன் "நிறுத்துங்க" என்று சொல்லணும்: ஃபோர்மேன்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம்ம கடற்கரை ஊர்களில், வளைகுடா நாடுகளில் ஜுபைலிலோ ருவைஸிலோ ராஸ் லஃபானிலோ வேலை பார்த்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரிஃபைனரி, பெட்ரோகெமிக்கல் ஆலைகளை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்கு ஃபிட்டராக, ரிக்கராக, ஹெல்பராகப் போய் வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஊரிலும் இந்த வேலை வந்துவிட்டது. வழுதூர் மின் நிலையம் ஓடுவது எரிவாயுவில், ராமநாதபுரத்தில் இருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாயும் 2021 பிப்ரவரியில் திறந்தாயிற்று.

ஹெல்மெட், கண்ணாடி, பெல்ட் பற்றி இங்கே எழுதவில்லை, அதெல்லாம் கேட்டில் நுழையும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கேங்கை நடத்துகிற ஃபோர்மேனிடம் எனக்கு ஒரே கேள்விதான். நேற்று வந்து சேர்ந்த பையனுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால், உங்கள் முன்னால் வாயைத் திறப்பானா? திறக்க மாட்டான் என்றால் கம்பெனி எவ்வளவு செலவு பண்ணிப் போர்டு வைத்திருந்தாலும் அந்தக் கேங்கில் பாதுகாப்பு இல்லை.

அவன் வாயைக் கட்டுவது பெரும்பாலும் சொந்தம்தான். விசா எடுத்துக் கொடுத்தவர் மாமா, கேம்பில் கட்டில் பிடித்துக் கொடுத்தவர் மச்சான், ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவர் சித்தப்பா முறை, வீட்டிலோ விசாவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி வந்தவன் "மாமா, இந்த லைன்ல இன்னும் பிரஷர் இருக்கிற மாதிரி தெரியுது" என்று எப்படிச் சொல்வான்? எதிர்த்துப் பேசுகிறான் என்று ஊருக்குச் செய்தி போய்விடுமோ, அடுத்த ஷட்டவுனுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று பயப்படுவான். அதனால் முதல் நாள், சைட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, வாய்ப்பூட்டைக் கழற்ற வேண்டியது நீங்கள். எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்: "கேம்புல நான் மாமா. சைட்டுல என்னை நிறுத்த எல்லாருக்கும் உரிமை இருக்கு. நிறுத்தினான்னு எவனைப் பத்தியும் ஊர்ல பேச மாட்டேன்."

சொன்னது நிஜமா என்பது முதல் தடவை ஒருவன் நிறுத்தும்போது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் மொத்தக் கேங்கும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். அவன் கேட்டது ஒன்றுமில்லாத விஷயமாகவே இருக்கட்டும், "நல்லதா கேட்டே, வா போய்ப் பார்ப்போம்" என்று கூட்டிப்போய் பிரஷர் கேஜைக் காட்டுங்கள். "ச்சே" என்று ஒரு சலிப்புக் காட்டினால் போதும், ஷட்டவுன் முடிகிற வரைக்கும் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.

அடுத்தது, வேலை தொடங்கும் முன் காலையில் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங். ஒரு பேப்பரை வாசித்து, வரிசையாகக் கையெழுத்து வாங்கி, கலைந்து போவதுதான் பல இடங்களில் நடக்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். பேர் சொல்லிக் கேளுங்கள். இன்னைக்கு நீ எந்த ஃபிளாஞ்சைக் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கிற வளையம்) கழற்றப்போறே? அந்த லைன்ல என்ன ஓடிச்சு? சைரன் அடிச்சா எந்தப் பக்கம் போவே? காற்று எங்கிருந்து வருது? கச்சானா வாடையா என்று வாசலில் நின்றே சொல்கிற ஊர்ப் பிள்ளைகள் நாம், சைட்டில் கம்பத்தில் ஆடுகிற காற்றுப் பையையும் அதே கண்ணோடு பார்க்கப் பழக்க வேண்டும், ஏனென்றால் கேஸ் கசிந்தால் ஓட வேண்டியது காற்றுக்குக் குறுக்காகவும் எதிராகவும்.

பெர்மிட், அதாவது வேலை தொடங்க எழுதிக் கொடுக்கும் அனுமதி, என்றால் என்னவென்று புதியவர்களுக்குச் சொல்ல ராமேஸ்வரம் டோக்கனைச் சொன்னால் போதும். மீன்துறை டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் டோக்கனே கிடையாது, அன்றைக்குக் கரையில் நிற்கிறவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. பெர்மிட்டும் அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு, அந்த வேலைக்கு மட்டும். நிலைமை மாறினால் அது செல்லாது, திரும்பப் போய்ப் புதிதாக வாங்க வேண்டும். அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிகிற ஃபோர்மேன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வேலை நடக்கிற இடத்தில் நின்று தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். பிளைண்டு, அதாவது குழாயை அடைக்கிற தகடு, எங்கே போட்டிருக்கிறது என்று கேங்கைக் கூட்டிப்போய்க் கையால் தொட்டுக் காட்டுங்கள். வால்வை மூடியாச்சு என்பதை மட்டும் நம்பாதீர்கள், வால்வு பாஸ் ஆகும், மூடியிருந்தாலும் உள்ளே கசியும். மூடின வால்வில் உங்கள் பூட்டு தொங்க வேண்டும், அதன் சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

கேஸ் டெஸ்ட், வேலை செய்யப்போகிற ஆளின் கண் முன்னால் நடக்க வேண்டும். "காலையிலேயே பார்த்தாச்சு" என்பது டெஸ்ட்டில் சேராது. முதலில் ஆக்சிஜன், அப்புறம் தீப்பிடிக்கும் கேஸ், அப்புறம் விஷ வாயு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தீப்பிடிக்கும் கேஸைக் காட்டும் சாதாரண சென்சார் தப்பாகக் காட்டும். சுத்தமான காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. வெஸல் என்கிற பெரிய மூடிய கலத்தின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் குழாயை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் தங்கும். அந்தச் சல்பைடு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்கு வந்தாலே மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, கேஸ் போய்விட்டது என்று நினைக்கிறவன் இன்னும் உள்ளே போவான். மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

ஃபிளாஞ்சு கழற்றுவதைப் பக்கத்தில் நின்று கற்றுக் கொடுங்கள். காற்று முதுகில் படுகிற மாதிரி நிற்கணும். முகம் ஃபிளாஞ்சுக்கு நேராக இருக்கக் கூடாது. தன்னிடம் இருந்து தள்ளி இருக்கிற போல்ட்டை முதலில் தளர்த்தணும், உள்ளே மிச்சம் இருந்தால் அந்தப் பக்கமாக வெளியேறும். நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, ஃபிளாஞ்சைக் கொஞ்சம் பிரித்து, சீறலோ சொட்டோ வருகிறதா என்று பார்த்து, எதுவும் இல்லை என்றால்தான் மீதி. அவசரத்தில் எல்லா போல்ட்டையும் கழற்றிப் போடுகிறவனை வேகமான ஆள் என்று புகழாதீர்கள், அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுத்தான் அடுத்தவனும் கற்றுக்கொள்வான்.

வெஸலுக்குள் ஆள் இறங்குகிற வேலையில் நம் ஊர்க் கேங்குக்கு என்று ஒரு ஆபத்து இருக்கிறது. உள்ளே இருந்த கேஸை வெளியேற்ற நிரப்புகிற நைட்ரஜனுக்கு நாற்றமே கிடையாது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். மேன்ஹோல் வாசலில் நிற்கும் ஹோல் வாட்ச் அதைப் பார்த்ததும் குதித்துவிடுவான், அவனும் சாவான். இப்படிக் காப்பாற்றப் போய் இறந்தவர்கள் உலகம் முழுக்க ஏராளம். உள்ளே கிடப்பது கூடப்பிறந்தவனாக இருந்தால் எந்தப் பயிற்சி நினைவுக்கு வரும்? அதனால் அண்ணன் தம்பி, அப்பா மகன், மாமா மருமகன் என்று உறவு உள்ளவர்களை ஒருவர் உள்ளே, ஒருவர் வாசலில் என்று போடவே போடாதீர்கள். வேறு ஊர்க்காரரை நிறுத்துங்கள். அவரிடமும் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: யார் விழுந்தாலும் இறங்கக் கூடாது, ரேடியோவில் கூப்பிடணும், மூச்சுக் கருவியோடு ரெஸ்க்யூ டீம் வரும் வரை இடத்தை விட்டு நகரக் கூடாது.

ஷிஃப்ட் மாறும்போது வேலையைக் கைமாற்றுவது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. 1988 ஜூலை 6 இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சர்வீஸுக்குக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். வேலை முடியவில்லை. வால்வு இல்லை என்ற தகவல் இரவு ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. ராத்திரி இன்னொரு பம்பு நின்றுபோனதும், இது தயாராக இருக்கிறது என்று நினைத்து ஓட்டினார்கள், தகடு போட்ட இடத்தில் கசிந்து வெடித்தது. அதனால் முடியாத வேலையை வரப்போகும் ஃபோர்மேனிடம் வாயால் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள், கூட்டிப்போயும் காட்டுங்கள். பஸ் கிளம்பிவிடும் என்ற அவசரத்தில் இதை விடுகிற ஆட்கள் அதிகம். பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி டைம் ஆபீஸில் சண்டை போட்டாலும் தப்பில்லை.

"விபத்து இல்லாமல் இத்தனை நாள்" என்று போர்டு வைத்துப் பரிசு கொடுப்பது எனக்குப் பிடிக்காது. பரிசு போய்விடும் என்று கை கிழிந்தவன் கிளவுஸுக்குள் மறைத்துக்கொண்டு ரூமில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொள்வான். தப்பித்த சம்பவங்களை, அதாவது நியர் மிஸ்ஸை, சாயங்காலம் டீ நேரத்தில் பேர் எழுதாமல் கேளுங்கள். ஒருவன் சாரத்தில் பலகை ஆடுகிறது என்று சொன்னால் மறுநாள் அவன் ஏறுவதற்குள் அது சரியாகியிருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்ததையும் சொல்வான்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வேலை பின்தங்கியிருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தைத் தொடாதீர்கள்.

நம் நாட்டிலும், 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததற்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்து நெருங்குகிறது என்று நியாயமாகத் தோன்றினால் தொழிலாளியே நிர்வாகத்தை எச்சரிக்கலாம், நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதில் இருந்தது. நிறுத்தச் சொல்கிற பையன் அதிகப்பிரசங்கி இல்லை என்று உங்களுக்கு மேலே இருக்கிற எஞ்சினியரிடம் பேச இது உதவும்.

கடைசியாக, நிறுத்துகிற வார்த்தையை முடிவு பண்ணுங்கள். கேங்கில் நம்ம ஆட்களோடு மலையாளி, வங்காளி, நேபாளி, பிலிப்பினோ எல்லாரும் இருப்பார்கள். "ஸ்டாப்" என்ற ஒரே சொல்லும் ஒரு கைச் சைகையும் போதும். கிரேன் வேலையில் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க முன்னும் பின்னும் வீசினால் அவசர நிறுத்தம், அதை யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியே ஆக வேண்டும். மீட்டிங் முடிந்ததும் புதுப்பையனை முன்னால் அழைத்து அந்தச் சைகையைக் காட்டச் சொல்லுங்கள், சத்தமாக "ஸ்டாப்" என்று கத்தவும் சொல்லுங்கள். முதல் நாள் கூச்சப்படுவான், மெதுவாகத்தான் சொல்வான். கிரேன் கேபினில் இருக்கிறவருக்குக் கேட்கிற வரைக்கும் திரும்பச் சொல்ல வையுங்கள்.